டிவிடெண்டும் வீதப்பலிசையும்: ஒரு வணிகச் சொல் யார் பக்கம் நிற்கிறது?

வணிகம் சார்ந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றித் தமிழில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது: இதற்குத் தமிழில் என்ன சொல்? டிவிடெண்டுக்கு ஈவுத்தொகை, கேரண்டிக்கு உத்தரவாதம், டிஸ்கவுண்டுக்குத் தள்ளுபடி என்று பட்டியல் நீள்கிறது. நிகர்ச்சொல் கிடைத்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒப்பந்தத்தாளில் கையெழுத்திடும் மனிதருக்கு அந்த நிகர்ச்சொல் எதையும் விளக்கிவிடுவதில்லை. வணிகத்தில் ஒரு சொல்லின் பொருள் என்பது, அந்தச் சொல்லின் பேரில் யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போகிறது என்பதுதான். அதைச் சொல்லாத தமிழ்ச்சொல்லும் ஆங்கிலச் சொல்லைப் போலவே இருட்டானது.

இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைவிடப் பொருத்தமான இடம் அரிது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சந்தை அது. தமிழும் மலையாளமும் அங்கே பல தலைமுறைகளாகச் சேர்ந்தே புழங்கிவருகின்றன. ஆ. மாதவன் அந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதினார். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சிப் பரப்பில் இருந்தன. எல்லை பிரிந்த பின்னும் சரக்கும் கடனும் சீட்டும் எல்லையைக் கடந்துகொண்டே இருக்கின்றன. இன்றும் அத்தெருவில் ஒரே பேரம் தமிழில் தொடங்கி, மலையாளத்தில் முறுகி, ஆங்கிலச் சொற்கள் அச்சடித்த ரசீதில் முடிவது இயல்பு.

ஆங்கில வணிகச் சொற்கள் எல்லாம் கடல் கடந்து வந்து நம் மீது இறங்கியவை என்ற எண்ணமே முதலில் திருத்தப்பட வேண்டியது. அவற்றில் கணிசமானவை இந்தக் கடற்கரையிலிருந்து ஏறிச் சென்றவை. கொப்பரை ‘கோப்ரா’ ஆயிற்று. கயிறு ‘காயர்’ ஆயிற்று. தேக்கு ‘டீக்’ ஆயிற்று. வெற்றிலை ‘பீட்டில்’ ஆயிற்று. கோழிக்கோட்டின் பெயர் ‘காலிகோ’ என்ற துணியாயிற்று. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இத்தகைய சொற்களால் நிறைந்தது. இவற்றைப் பெருமைப் பட்டியலாக வாசிப்பது எளிது. சென்ற சொற்கள் வழியில் பொருள் மாறிய விதத்தைக் கவனிப்பதே பயனுள்ளது.

‘கேஷ்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்தமைப்பில் இரண்டு வெவ்வேறு சொற்கள் உள்ளன. ரொக்கம் என்ற பொருளில் வழங்குவது, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்து வழங்கிய மற்றொன்று, நம் ‘காசு’ போர்த்துக்கீசியரின் வாயில் உருமாறிச் சென்றது. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ஒரு ரூபாயில் 448 காசுகள். அந்தக் கணக்கில் ‘கேஷ்’ என்றால் மிகச் சிறிய நாணயம். இன்றைய கடையில் ‘கேஷ்’ என்றால் கையில் உள்ள பணம் முழுவதும்.

‘குடோன்’ இன்னும் சுவையானது. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிடங்கி. அது மலாய் மொழியில் குடாங் ஆகி, போர்த்துக்கீசியத்தின் வழியே ஆங்கிலத்தில் நுழைந்து, மீண்டும் தமிழ்ப் பேச்சுக்கு ‘குடோன்’ என்று திரும்பி வந்தது. இன்று அரிசி வணிகர் வாயில் குடோன் என்பதே சரளமான சொல். கிடங்கு அரசு அறிவிப்புப் பலகைக்கு உரியதாகிவிட்டது. பிறந்த வீட்டிலேயே விருந்தாளியாகிப்போன சொல் அது.

இவை இரண்டும் தீங்கற்ற பயணங்கள். ‘கூலி’யின் பயணம் அப்படிப்பட்டதன்று. ஆங்கிலத்தின் ‘கூலி’ குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. தமிழ்ச் சொல்லும் அதில் கலந்தது என்பதைப் பலரும் ஏற்கின்றனர். தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கப்படும் பணம். வேலை செய்பவர் கூலியாள், கூலிக்காரர். ஆங்கிலத்திலோ அந்தச் சொல் வேலை செய்யும் மனிதரையே குறித்தது. கொடுக்க வேண்டிய தொகையின் பெயர், அதைப் பெற வேண்டியவரின் பெயராயிற்று. இலங்கை, மலேயா, தென்னாப்பிரிக்கா என்று தமிழர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற இடங்களில் எல்லாம் அது வசைச்சொல்லாக இறுகியது. கணக்குப் புத்தகத்தை எழுதியவர் தோட்ட முதலாளி. சொல்லின் பொருளும் அவர் பக்கத்திலிருந்தே எழுதப்பட்டது.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள அஞ்சுதெங்கு இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. 1684இல் ஆற்றிங்கல் ராணியின் இசைவுடன் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு ‘ஃபேக்டரி’ அமைத்தது. அக்காலத்தில் அந்தச் சொல்லுக்கு உற்பத்திச் சாலை என்று பொருள் இல்லை. ‘ஃபேக்டர்’ என்றால் முகவர். அவர் தங்கிச் சரக்கு வாங்கிச் சேர்க்கும் பண்டகசாலையே ஃபேக்டரி. ஆனால் 1690களில் அந்தப் பண்டகசாலை பீரங்கிகள் கொண்ட கோட்டையாக எழுந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. மிளகு வணிகத்தில் திரண்ட கசப்பு 1721இல் வெடித்து, ராணிக்குப் பரிசுகள் கொண்டு சென்ற ஏறத்தாழ 140 பேர் அடங்கிய கம்பெனிக் குழு கொல்லப்பட்டது. அந்த மோதலுக்குப் பல காரணங்கள் உண்டு. எனினும், ஒரே சொல்லுக்குள் ஒரு தரப்பு பண்டகசாலையையும் மறு தரப்பு கோட்டையையும் வைத்துக்கொண்டு வணிகம் செய்தன என்பது கவனிக்கத்தக்கது.

இவை பழங்கதைகள் என்று தோன்றலாம். இதே பொருள் விளையாட்டு இன்று நடக்கும் இடம் ஏலச்சீட்டு.

கேரளத்தில் சீட்டு என்பது ஓரத் தொழிலன்று. மாநில அரசே 1969இல் கேரள மாநில நிதி நிறுவனத்தைத் தொடங்கிச் சிட்டி நடத்திவருகிறது. மகளின் திருமணம், வீட்டுக்குக் கூரை, கடைக்குச் சரக்கு என்று நடுத்தர, கீழ் நடுத்தரக் குடும்பங்களின் பெருஞ்செலவுகள் பலவும் சிட்டியை நம்பியே திட்டமிடப்படுகின்றன. இந்தச் சீட்டுகளை ஆளும் நடுவண் சட்டம் 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட்ஸ் சட்டம். அதன் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயன் தரும்.

சட்டத்தில் ‘ஃபோர்மேன்’ என்றால் சீட்டை நடத்துபவர். பட்டறைக்குப் போனால் அதே சொல்லுக்குத் தொழிலாளரை மேற்பார்க்கும் மேஸ்திரி என்று பொருள். ‘டிஸ்கவுண்ட்’ என்றால் ஏலத்தில் சீட்டு எடுத்தவர் விட்டுக்கொடுக்கும் தொகை. தமிழ்நாட்டுச் சீட்டு வழக்கில் தள்ளு. துணிக்கடையில் டிஸ்கவுண்ட் வாங்குபவருக்கு லாபம். சீட்டில் டிஸ்கவுண்ட் பணம் எடுப்பவருக்கு நட்டம். ‘டிவிடெண்ட்’ என்றால் அந்தத் தள்ளில் செலவு போக எஞ்சியதை உறுப்பினர்களுக்குப் பகிர்ந்த பங்கு. பங்குச் சந்தையில் டிவிடெண்ட் என்பது நிறுவனம் ஈட்டிய லாபத்தின் பகிர்வு. சீட்டில் ஈட்டப்பட்ட லாபம் என்று எதுவும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டில் இது தெளிவாகும். 20 பேர், மாதம் 5,000 ரூபாய் வீதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. மருத்துவச் செலவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் என்று கொள்வோம். அவர் கைக்கு வருவது 75,000. தள்ளிய 25,000 ரூபாயில், நடத்துபவரின் கமிஷன் 5 விழுக்காடு என்றால், 5,000 அவருக்குப் போகும். மீதி 20,000 ரூபாய் 20 பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். அந்த மாதம் ஒவ்வொருவரும் 5,000 ரூபாய்க்குப் பதில் 4,000 கட்டினால் போதும். அந்த ஆயிரம் ரூபாய்க்குத்தான் டிவிடெண்ட் என்று பெயர். கட்டியவருக்கு ஆயிரம் ரூபாய் ‘லாபம்’ வந்ததாகத் தோன்றுகிறது. உண்மையில் அது அவசரத்தில் இருந்த ஒரு மனிதரின் மடியிலிருந்து வந்தது. அடுத்த மாதம் அவசரம் தமக்கு வந்தால் அதே தொகையைத் தாமும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை ‘டிவிடெண்ட்’ என்ற சொல் தெரிவிப்பதில்லை.

இந்தக் குழப்பம் சொல்லாராய்ச்சியாளரின் கற்பனையன்று; நாடாளுமன்றமே அதை ஒப்புக்கொண்டது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சீட்டுச் சட்டத்தின் மூன்று சொற்களை மாற்றியது. ‘சீட்டுத் தொகை’ என்றிருந்தது ‘மொத்தச் சீட்டுத் தொகை’ ஆயிற்று. ‘பரிசுத் தொகை’ என்றிருந்தது ‘நிகரச் சீட்டுத் தொகை’ ஆயிற்று. ‘டிவிடெண்ட்’ என்றிருந்தது ‘தள்ளுத் தொகையின் பங்கு’ என்று பொருள்படும் தொடராயிற்று. தம் பணத்தையே தள்ளி எடுக்கும் ஒருவருக்குப் ‘பரிசு’ கிடைத்தது என்று 37 ஆண்டுகள் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே திருத்தம் நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பை 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தவும் செய்தது. சொல் தெளிவானது; விலை ஏறியது.

கேரளத்துச் சிட்டிக்காரர்கள் இந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பதே இங்கு முக்கியம். சிட்டியின் டிவிடெண்டுக்கு அவர்களிடம் தொன்றுதொட்டு ஒரு சொல் உண்டு: வீதப்பலிச. வீதம் என்றால் பங்கு. பலிச என்றால் வட்டி. பங்கிட்ட வட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது அந்நியமான சொல்லன்று. கோயிலுக்கு வைத்த முதலுக்கு வரும் வட்டியைப் பொலிசை, பலிசை என்று அக்கல்வெட்டுகள் குறிக்கின்றன. தமிழில் மறைந்துபோன அந்தச் சொல் மலையாளத்தில் இன்றும் வட்டிக்கு உரிய அன்றாடச் சொல்லாக வாழ்கிறது.

மூன்று சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மலையாளத்தில் நிறுவன டிவிடெண்டுக்கு வழங்கும் ‘லாபவிகிதம்’ லாபத்தின் பங்கு என்கிறது. சீட்டுக்கு அது பொருந்தாது. தமிழின் ‘ஈவுத்தொகை’ பிரித்தால் கிடைப்பது என்கிறது. எதைப் பிரித்தது என்று சொல்லவில்லை. ‘வீதப்பலிச’ மட்டுமே உண்மையைச் சொல்கிறது: இது வட்டி, வட்டி என்றால் அதைக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார், இங்கே அவர் சீட்டை முந்தி எடுத்தவர். பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதை ஒரே சொல்லில் அடக்கியவர்கள் எந்தக் கலைச்சொல் குழுவிலும் இருந்தவர்கள் அல்லர்.

இரு மொழிகளும் கலக்கும் நகரத்தில் இன்னொரு பொறியும் உண்டு. தமிழில் ‘சீட்டுப் பிடிப்பவர்’ என்றால் சீட்டை நடத்துபவர். மலையாளத்தில் ‘சிட்டி பிடிச்சு’ என்றால் ஏலத்தில் பணத்தை எடுத்தாயிற்று என்று பொருள். ஒரே வினைச்சொல், எதிரெதிரான இரு இருக்கைகள். சாலைத் தெருவில் இதனால் வாக்குவாதம் வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அச்சடித்த ஒப்பந்தத்தோடு அப்படிப் பேசித் தீர்க்க முடியாது.

சீட்டு எடுத்தவர் பணம் பெறப் பிணை காட்ட வேண்டும். அங்கே நண்பரோ உறவினரோ ‘கேரண்டர்’ என்ற இடத்தில் கையெழுத்திடுகிறார். ‘ஒரு கையெழுத்துத்தானே’ என்று அழைத்துச் செல்வதே வழக்கம். நல்லவர் என்று சான்று சொல்வதாகவே பலரும் அதைப் புரிந்துகொள்கின்றனர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிணையாளரின் பொறுப்பு, ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை, கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமமானது. கடன்பட்டவரிடம் முயன்று தோற்ற பின்தான் பிணையாளரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. சான்றுரை என்று எண்ணிப் போட்ட கையெழுத்து, சட்டத்தின் பார்வையில் கடன்.

அதே ‘கேரண்டி’ மின்சாதனக் கடையில் வேறு முகம் காட்டுகிறது. கடைத்தெருவின் இலக்கணம் தெளிவானது: கேரண்டி என்றால் கெட்டுப்போனால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் பழுது பார்த்துத் தருவார்கள். ஆங்கிலச் சொல்வரலாற்றில் இவை இரண்டும் ஒரே சொல். பழைய பிரெஞ்சின் ஒரு வட்டார ஒலிப்பில் ‘வா’ என்றும் மற்றொன்றில் ‘கா’ என்றும் வழங்கியது, இரு வடிவங்களாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. கடைத்தெருவோ தன் தேவைக்கேற்ப இரண்டுக்கும் வெவ்வேறு பொருளைப் பங்கிட்டுக்கொண்டது. அது அறியாமையின் விளைவன்று. மொழி வளரும் இயல்பான வழி. சட்டத்தின் பொருள் வேறாக இருப்பதுதான் சிக்கல்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ‘கண்டிஷன்’, ‘வாரண்டி’ என இரண்டைப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் அடிப்படை நோக்கத்துக்கு இன்றியமையாதது கண்டிஷன். அது மீறப்பட்டால் ஒப்பந்தமே முறிந்ததாகக் கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. துணையான உறுதிமொழியே வாரண்டி. அது மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், பொருளை மறுக்க முடியாது. ஆக, சட்டத்தில் ‘கண்டிஷன்’ என்பது வாங்குபவரின் வலுவான கவசம். விளம்பரத்தின் அடியில் சிற்றெழுத்தில் வரும் ‘கண்டிஷன்ஸ் அப்ளை’ என்பதிலோ, அதே சொல் விற்பவர் தமக்குக் கட்டிக்கொண்ட மதில். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று தமிழாக்கினாலும் மதில் மதிலாகவே நிற்கிறது.

வீட்டுவாசலில் உணவு கொண்டுவந்து கொடுப்பவரைச் செயலி நிறுவனங்கள் ‘பார்ட்னர்’ என்று அழைப்பதும் இந்த வரிசையில் சேரும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பார்ட்னர் என்பவர் தொழிலின் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டவர். தமிழில் பங்காளி என்றால் சொத்தில் உரிமை உள்ளவர். வழக்குப் போடவும் தகுதி உள்ளவர். மழையில் நனைந்து பொட்டலம் கொண்டுவரும் இளைஞருக்கு லாபத்தில் பங்கும் இல்லை, தொழிலாளி என்ற பெயரோடு வரும் பாதுகாப்பும் இல்லை. முன்பு கூலி என்ற சொல் மனிதரைத் தொகையாகச் சுருக்கியது. இப்போது பார்ட்னர் என்ற சொல் கூலிக்காரரை முதலாளியாக உயர்த்திக் காட்டி, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுகிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஒப்பந்தத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினால் பொருள் சிதறும், வழக்குப் பெருகும் என்பது. இது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. ஆனால் மூல ஒப்பந்தத்தை அழித்துவிட்டு மொழிபெயர்ப்பை வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மூலம் இருக்கட்டும், அதன் முன் பக்கத்தில் விளக்கம் வரட்டும். மேலும், சட்டத்தின் ‘கண்டிஷன்’ ஆங்கிலம் தாய்மொழியானவருக்கும் விளங்காத கலைச்சொல்லே. எனவே சிக்கல் ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. வரையறை சொல்லாமல் சொல்லை நீட்டுவதில் இருக்கிறது.

இரண்டாவது, கடைத்தெரு நம்பிக்கையில் ஓடுகிறது. சொல் வரையறை அதற்குத் தேவையில்லை என்பது. முகம் தெரிந்த வணிகத்தில் அது ஓரளவு உண்மை. தெருமுனைக் கடைக்காரர் சொன்ன வாரண்டிக்கு அவரே பொறுப்பு. இன்றோ, விற்பவர் ஒரு நகரத்தில், ஒப்பந்தம் எழுதியவர் இன்னொரு நகரத்தில், குறை கேட்பது ஒரு தானியங்கிக் குரல். முகம் மறைந்த இடத்தில் சொல் மட்டுமே எஞ்சுகிறது. அந்தச் சொல்லாவது தெளிவாக இருக்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுறுத்தல்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் புதிதாகக் கடன் வழங்கும் நிறுவனங்கள், கடனின் முக்கிய விவரங்களைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் தர வேண்டும். மாநிலத்தின் ஆட்சிமொழி என்று அது சொல்லவில்லை. பெறுபவருக்குப் புரியும் மொழி என்கிறது. கடனுக்கு ஏற்கப்பட்ட இந்த நெறியைச் சீட்டுக்கும் பிணைக் கையெழுத்துக்கும் பொருள் உத்தரவாதத்துக்கும் விரிப்பதே அடுத்த படி.

அதைத் தொடங்க ஏற்ற இடம் கேரளம்; அரசே சிட்டி நடத்தும் மாநிலத்தில் முதல் தாளை அரசு நிறுவனமே எழுதலாம். சிறுபான்மைத் தமிழர், கன்னடர் தத்தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனு எழுதும் உரிமையைத் தந்த அரசு, பணம் கட்டும் தாளைப் படிக்கும் உரிமையையும் தருவது முறை. பல்கலைக்கழக மொழியியல் துறையும், கேரள பாஷா இன்ஸ்டிட்யூட்டும், வ. அய். சுப்பிரமணியம் நிறுவிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. ஒரு சீட்டு ஒப்பந்தத்தின் இருபது சொற்களுக்கு இரு மொழிகளில் விளக்கம் எழுத இதைவிட வேறு வசதி வேண்டியதில்லை.

அந்த விளக்கம் எப்படி இருக்க வேண்டும்? ‘டிவிடெண்ட்: ஈவுத்தொகை’ என்று இருக்கக் கூடாது. ‘இந்த மாதம் சீட்டு எடுத்தவர் விட்டுக்கொடுத்த 25,000 ரூபாயில், நிறுவனம் 5,000 எடுத்துக்கொண்ட பின், உங்கள் பங்கு 1,000 ரூபாய், நீங்கள் முந்தி எடுத்தால் இதை நீங்கள் விட்டுக்கொடுப்பீர்கள்’ என்று இருக்க வேண்டும். ‘கேரண்டர்: உத்தரவாதி’ என்று இருக்கக் கூடாது. ‘இவர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம்’ என்று இருக்க வேண்டும். அத்தகைய வாக்கியங்களை எழுதச் சொல்லாராய்ச்சியாளர்கள் அகராதியை மட்டும் புரட்டினால் போதாது. சாலைத் தெருவில் சீட்டுக் கட்டுபவர்களிடம் போய் அவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வீதப்பலிச என்ற சொல் அங்கேதான் இருக்கிறது.